வீட்டு இறைச்சிக்காக ஹோல்ஸ்டைன் காளைக்கன்று வளர்த்தல்: விஸ்கான்சினில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளையாக இருக்கும். பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கறவை மாடுகள் உள்ள அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பால் பண்ணைக்குத் தேவைப்படாத இந்தக் காளைக்கன்றுகள் பிறந்த சில நாட்களிலேயே விற்கப்பட்டுவிடுகின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, காயடித்து, ஒன்றரை ஆண்டு வளர்த்து, வீட்டுக்கு வேண்டிய இறைச்சியைத் தாமே பெற்றுக்கொள்வது அங்குள்ள நாட்டுப்புறக் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். ஆனால் 2019 வாக்கில் ஐம்பது டாலருக்கும் குறைவாகக் கிடைத்த கன்று இன்று பல நூறு டாலருக்குப் போகிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் மொத்த மாடுகளின் எண்ணிக்கை 8.67 கோடியாக, 1951க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அதோடு, பண்ணையாளர்கள் நல்ல பசுக்களுக்குப் பெண் கன்று மட்டுமே தரும் வகையில் பிரித்தெடுத்த விந்தையும், மற்றப் பசுக்களுக்கு ஆங்கஸ் என்ற இறைச்சி இனத்தின் விந்தையும் செலுத்துவதால், ஹோல்ஸ்டைன் என்ற பால் இனத்தின் கலப்பில்லாத காளைக்கன்றே குறைந்துவிட்டது. எனவே ஒரு கன்று போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய அலட்சியத்துக்கு இப்போது இடமில்லை.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். ஹோல்ஸ்டைன் என்பது இறைச்சிக்காக உருவாக்கப்பட்ட இனம் அன்று. அது முதலில் உயரமாக வளரும். எலும்புச் சட்டம் நிறைந்த பிறகே சதையும் கொழுப்பும் பிடிக்கும். உடலை நிலைநிறுத்திக்கொள்வதற்கு மட்டுமே அதற்கு இறைச்சி இன மாடுகளைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. புல்வெளியில் விட்டுவிட்டுத் தானாக வளரட்டும் என்று இருந்தால், இரண்டு வயதில் நல்ல உயரமும் முதுகெலும்பு துருத்திய உடலும் கொண்ட ஒரு மாடு நிற்கும், இறைச்சி இராது. தீவனத்தில் இடைவெளி விழாமல், முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை வளர்ச்சி நிற்காமல் பார்த்துக்கொள்வதே இந்த வேலையின் சாரம்.

கன்று வருவதற்கு முன்

முதல் வேலை இறைச்சிக்கூடத்தைத் தொலைபேசியில் அழைப்பதுதான். இது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் சிறு ஊர்களில் உள்ள இறைச்சிக்கூடங்கள், 2020ஆம் ஆண்டின் கொரோனா நெருக்கடிக்குப் பிறகு, பல மாதங்களுக்கு முன்பதிவாகிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாடு தயாரான பின் தேதி தேடத் தொடங்கினால், தயாரான மாட்டுக்கு மேலும் நான்கைந்து மாதம் தீனி போட வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் அது நாள்தோறும் தின்பதில் பெரும்பகுதி வெறும் கொழுப்பாகவே சேரும். கன்று பிறந்த மாதத்திலிருந்து 16 அல்லது 17 மாதங்களை எண்ணி, அந்த மாதத்துக்கு ஓர் இடத்தை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது பதிவு. விஸ்கான்சினில் ஒரேயொரு மாடு வைத்திருப்பவரும், அது வீட்டுத் தேவைக்கே என்றாலும், கால்நடை வைத்திருக்கும் இடத்தை மாநில வேளாண் துறையின் ஏற்பாட்டில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. நிலம் எந்த வகைப்பாட்டில் உள்ளது, அங்கு மாடு வைக்கலாமா என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதும் நல்லது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். உலர்புல்லைச் சோதனைக்கு அனுப்புவது முதல் தீவனக் கணக்கு வரை அவர்களிடம் தயங்காமல் கேட்கலாம்.

எத்தனை கன்று என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மாடு கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக நிற்கும் கன்று வேலியைச் சோதித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கும், தீனியையும் குறைவாகவே எடுக்கும். இரண்டு கன்றுகளாக வளர்த்து, ஒன்றை நண்பர்களுக்குப் பங்காக விற்பது பெரும்பாலும் செலவை ஈடுகட்டிவிடும் என்பது என் கருத்து. அந்த விற்பனைக்குச் சட்டம் விதிக்கும் முறையைப் பின்னர் பார்ப்போம்.

இனத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்சிக் கன்று பிறக்கும்போது 25 முதல் 30 கிலோ வரைதான் இருக்கும். ஹோல்ஸ்டைன் 40 கிலோ. ஜெர்சி மெதுவாக வளரும், மொத்த இறைச்சியும் குறைவு. ஆனால் அதன் இறைச்சி மென்மையிலும் தசைக்குள் ஓடும் கொழுப்பிலும் மிகச் சிறந்தது. புல்லில் உள்ள கரோட்டின் காரணமாக அதன் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அதைக் கெட்டுப்போனது என்று எண்ணிவிடக்கூடாது. சிறு குடும்பத்துக்கு ஜெர்சி போதும். இன்னொரு வழியும் உண்டு: காளையுடன் இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும் என்பதால் பண்ணைகள் அவற்றையும் விற்றுவிடுகின்றன. காயடிக்கும் வேலை இல்லாத அத்தகைய கிடாரி கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை.

கன்றைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் ஏலத்துக்கு வரும் கன்றைவிடப் பண்ணையிலேயே நேரடியாக வாங்கும் கன்று எப்போதும் மேல். சந்தையில் பல பண்ணைக் கன்றுகள் ஒரே அடைப்பில் நிற்பதால் நோய்களும் ஒன்றாகக் கலக்கின்றன. பண்ணையாளரிடம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி ஒன்றுதான்: சீம்பால் எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள்? கன்று நோய் எதிர்ப்பு ஆற்றல் இல்லாமலேயே பிறக்கிறது. சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களைக் குடல் நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும் திறன் பிறந்த மணியிலிருந்தே குறையத் தொடங்கி, 24 மணி நேரத்தில் முற்றிலும் நின்றுவிடுகிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஹோல்ஸ்டைன் கன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர், உள்ளே போயிருக்க வேண்டும். காளைக்கன்றுதானே என்று சில இடங்களில் இதில் கவனக்குறைவு உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுவதே நல்லது.

தொப்புள்கொடி காய்ந்து, விரலால் தொட்டால் தடிப்போ வலியோ இல்லாமல் இருக்க வேண்டும். மூட்டுகள் வீங்கியிருக்கக்கூடாது. வாலடி சுத்தமாகவும், மூக்கு ஈரமாகவும், கண் தெளிவாகவும் இருக்க வேண்டும். கையை நீட்டினால் எழுந்து வந்து விரலைச் சூப்பும் கன்று நல்ல கன்று. ஒரு வாரம் முதல் பத்து நாள் வயதுள்ள கன்றை வாங்கினால் மிக ஆபத்தான முதல் சில நாட்களை அது கடந்திருக்கும். விஸ்கான்சினின் குளிர்காலத்தை எண்ணினால், முதல் முயற்சிக்கு ஏப்ரல் அல்லது மே மாதக் கன்று ஏற்றது.

முதல் எட்டு வாரங்கள்

கன்றுக்குத் தனியாக ஒரு சிறு கூடு அல்லது காற்று நேராக அடிக்காத ஒரு மூலை போதும். ஆனால் படுக்கை ஆழமாக இருக்க வேண்டும். கன்று படுத்திருக்கும்போது அதன் கால்கள் வைக்கோலுக்குள் மறைந்திருந்தால் படுக்கை சரி. முழுக் காலும் வெளியே தெரிந்தால் இன்னும் வைக்கோல் போட வேண்டும். பிறந்த முதல் வாரங்களில் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே கன்று உடல் சூட்டைக் காக்கத் தனியாக ஆற்றலைச் செலவிடத் தொடங்கிவிடும். அதனால் குளிர் நாட்களில் கன்றுக்கான மேலங்கி அணிவிப்பதோடு, நாளொன்றுக்கு மூன்றாவது முறையும் பால் கொடுக்க வேண்டும்.

பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்மாவை வாங்கும்போது மூட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். புரதம் 20 முதல் 22 விழுக்காடும் கொழுப்பு 20 விழுக்காடும் இருக்க வேண்டும். மூன்று வாரம் ஆகாத கன்றுக்குப் புரதம் முழுவதும் பாலிலிருந்தே வந்திருக்க வேண்டும், சோயாவிலிருந்து அன்று. விலை குறைந்த மூட்டையில் மிச்சமாகும் பணம் கழிச்சலில் போய்விடும். லிட்டருக்கு 125 முதல் 150 கிராம் மாவை எடைபோட்டு, 45 டிகிரி அளவுள்ள நீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கன்றின் வாய்க்குப் போகும்போது 39 அல்லது 40 டிகிரியில் இருக்குமாறு கொடுக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கும் கண் கணக்கும் இங்கே உதவா. ஒரு நாள் நீர்த்தும் மறுநாள் கெட்டியாகவும் போகும் பால்தான் வயிற்றைக் கெடுக்கிறது. காலையில் 2 லிட்டர், மாலையில் 2 லிட்டர் என்று தொடங்கி, ஒரு வாரத்தில் வேளைக்கு 3 லிட்டருக்குக் கொண்டு வரலாம். இந்தக் கணக்கில் ஒரு கன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ மாவு, அதாவது 50 பவுண்டு மூட்டை இரண்டு, வேண்டியிருக்கும்.

புட்டியைக் கன்றின் தோள் உயரத்துக்குச் சற்று மேலே பிடித்து, கழுத்து நீண்டு தலை லேசாக நிமிர்ந்திருக்கும் நிலையில் குடிக்க விட வேண்டும். அது தாய்மடியில் குடிக்கும் நிலை. சூப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள தசைமடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை அசையூண் வயிற்றில் விழவிடாமல் செரிமான வயிற்றுக்கு நேரே கொண்டுபோகிறது. சூப்பியின் துளையைப் பெரிதாக்கி அவசரப்படுத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு வேளையும் புட்டியையும் சூப்பியையும் முதலில் வெதுவெதுப்பான நீரிலும், பிறகு சோப்பு கலந்த சுடுநீரிலும் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். பக்கத்துப் பண்ணையில் கொட்டப்போகும் பாலை இலவசமாகத் தருகிறேன் என்றால், காய்ச்சாமல் கொடுக்கக்கூடாது. அதில் நோய்க்கிருமி இருக்கலாம். பறவைக் காய்ச்சல் கிருமி 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டறியப்பட்ட பின் இது வெறும் எச்சரிக்கையாக இல்லை.

மூன்றாம் நாள் முதலே சுத்தமான நீரும், 18 முதல் 20 விழுக்காடு புரதமுள்ள கன்றுத் தீவனமும் எதிரில் இருக்க வேண்டும். முதலில் ஒரு கைப்பிடிதான் தின்னும். மீதியை நாள்தோறும் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். தானியம் அசையூண் வயிற்றில் புளித்து உண்டாகும் அமிலங்களே அந்த வயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. உலர்புல் இந்த வயதில் வயிற்றை நிரப்புமேயன்றி அதை வளர்க்காது. தொடர்ந்து மூன்று நாள் ஒரு கிலோ அளவுக்குத் தீவனம் தின்ற கன்றை, எட்டு வார வாக்கில், ஒரு வாரம் ஒருவேளைப் பாலாகக் குறைத்துப் பிறகு நிறுத்தலாம். அப்போது எடை பிறந்தபோது இருந்ததைப்போல் இரு மடங்காகியிருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கழிச்சல்தான். உண்மையில் உயிரைப் பறிப்பது கிருமியைவிட நீரிழப்பு. கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் மடிந்தே நின்றால், கண் குழிக்குள் சற்று உள்வாங்கியிருந்தால், வாய்க்குள் விட்ட விரலுக்குக் குளிர்ச்சி தெரிந்தால், நேரம் குறைவு என்று பொருள். பால் வேளைகளுக்கு இடையே, பாலிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, கன்றுகளுக்கான தாது உப்புக் கரைசலை (எலக்ட்ரோலைட்) வெதுவெதுப்பாக 2 லிட்டர் கொடுக்க வேண்டும். பாலை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் கன்று பட்டினியாலும் சேர்த்து வாடும். எழுந்து நிற்க இயலாத கன்றுக்கும், சூப்பும் விசை போய்விட்ட கன்றுக்கும் நரம்புவழி நீர் தேவைப்படும். மருத்துவரை அப்போதே அழைக்க வேண்டும். கழிச்சலுக்குக் காரணமான கிரிப்டோஸ்போரிடியமும் சால்மொனெல்லாவும் மனிதருக்கும் தொற்றும் என்பதால், குழந்தைகள் கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது.

இருமல், வேகமான மூச்சு, தொங்கிய காது, 39.5 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவை நிமோனியாவின் அடையாளங்கள். 2023 ஜூன் மாதத்திலிருந்து மனித மருத்துவத்திலும் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் எதையும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் அமெரிக்காவில் கால்நடைக்கு வாங்க முடியாது. ஆதலால் கன்று நலமாக இருக்கும்போதே ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். சுவாச நோய்களுக்கும் கருங்கால் நோய்க்கும் உரிய தடுப்பூசி அட்டவணையையும் அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். எந்த ஊசியும் கழுத்துப் பகுதியில்தான். தொடையில் போட்டால் விலை உயர்ந்த தசையில் தழும்பு நிற்கும்.

காயடித்தலும் கொம்பு நீக்கலும்

இவற்றைத் தள்ளிப் போடுவதில் எந்த ஆதாயமும் இல்லை. பால் இனக் காளைகள், குறிப்பாகப் புட்டிப்பால் குடித்து மனிதரிடம் அச்சம் போன காளைகள், மிக ஆபத்தானவை. ஜெர்சிக் காளை உருவத்தில் சிறியது என்று நம்பியவர்களைப் பற்றிய வருத்தமான செய்திகள் பால் வட்டாரத்தில் ஏராளம். முதல் நான்கு வாரங்களுக்குள் ரப்பர் வளையம் போட்டுவிடுவது எளிது. வளையத்தை மூடுவதற்கு முன் விதைப்பையை விரல்களால் தடவி, இரண்டு விதைகளும் வளையத்துக்குக் கீழே இருப்பதை உறுதி செய்ய வேண்டும். ஒன்று மேலே நழுவிவிட்டால் பாதிக் காளையாகவே அது வளரும். வில்வாதம் (டெட்டனஸ்) வராமல் தடுக்கும் ஊசியும் வலி குறைக்கும் மருந்தும் அன்றே கொடுக்கப்பட வேண்டும். சில வாரங்களில் பை காய்ந்து தானே உதிர்ந்துவிடும்.

கொம்பு முளையை முதல் வாரத்தில் காரப்பசை தடவியோ, எட்டு வாரத்துக்குள் சூட்டுக்கோலால் சுட்டோ நீக்கலாம். பசை தடவிய கன்றை மழையில் விடக்கூடாது. பசை கண்ணுக்கு வழியும். சூட்டுக்கோலுக்கு முன் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி கட்டாயம் என்றே கருத வேண்டும். முதல் முறை மருத்துவரையே செய்யச் சொல்லி உடன் நின்று பார்ப்பது சிறந்தது.

இதோடு சேர்ந்தது பழக்க வழக்கம். கன்றின் நெற்றியைக் கையால் தள்ளி விளையாடுவது குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். அது கற்றுக்கொள்ளும் பாடம் மனிதரை முட்டலாம் என்பதே. 600 கிலோவான பிறகும் அதே விளையாட்டை அது தொடரும்.

இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை

இது எளிதான பருவம். 16 விழுக்காடு புரதமுள்ள வளர்தீவனம் நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ, நல்ல உலர்புல், தாது உப்பு, நீர் ஆகியவை போதும். ஆறு மாதத்தில் 180 முதல் 200 கிலோ இருக்க வேண்டும். மேய்ச்சலில் விட்டால் குடற்புழு நீக்கம் தேவை. கோடையில் ஈக்களால் கண்நோய் பரவும், கண்ணீர் வழியும் கண்ணை உடனே கவனிக்க வேண்டும். வேலி 1.2 மீட்டருக்குக் குறையாமல் மின்கம்பியோடு இருக்கட்டும். கோழித் தீவனத்தையோ நாய்த் தீவனத்தையோ மாடு எட்டக்கூடாது. பாலூட்டி விலங்குகளின் இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனத்தை அசைபோடும் விலங்குகளுக்குக் கொடுப்பதற்கு, மாட்டுப் பைத்திய நோயின் காரணமாக, 1997 முதல் தடை இருக்கிறது.

குளிர்காலத்துக்குத் தெற்கே திறந்த மூன்று சுவர்க் கொட்டகை போதுமானது. அடர்ந்த குளிர்கால மயிர் உலர்ந்திருந்தால் மாடு மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமலே தாங்கும். அதே மயிர் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே குளிர் ஏறத் தொடங்கும். ஆகவே குளிரைவிட ஈரமும் சேறுமே பகை. தொட்டி நீர் உறையாமல் இருக்க மின்சூடேற்றி வேண்டும். நீர் குடிக்காத மாடு தீனியும் எடுக்காது.

மக்காச்சோளத்தின் காலம்

ஆறாம் மாதத்துக்குப் பிறகு இரண்டு வழிகள் பிரிகின்றன. புல்லிலேயே முடிப்பது ஒன்று. அதற்கு 24 முதல் 28 மாதங்களும், தரமான மேய்ச்சலும், இரண்டு குளிர்காலத்துக்கு உலர்புல்லும் வேண்டும். மக்காச்சோளத்தில் முடிப்பது மற்றொன்று; அதற்கு 16 முதல் 18 மாதங்கள் போதும். மிகச் சிறந்த மேய்ச்சல் உள்ளவருக்கே முதல் வழியைச் சொல்வேன். ஹோல்ஸ்டைனின் பெரிய சட்டத்தை நிரப்பத் தேவையான ஆற்றல் விஸ்கான்சினில் மிக மலிவாகக் கிடைப்பது சோளத்திலிருந்துதான். எந்த வழியானாலும் 30 மாதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டிய மாட்டின் முதுகெலும்பை நீக்கியாக வேண்டும் என்பது விதி, அதனால் எலும்போடு வெட்டும் துண்டுகளை இழக்க நேரும்.

சோளத்துக்கு மாற்றுவதில்தான் புதியவர்களின் மாடுகள் சாகின்றன. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்த வயிற்றில் திடீரென்று மாவுப்பொருள் விழுந்தால், அமிலம் பெருகி, மாடு தீனியை விட்டு, கழிந்து, குளம்பு வீங்கிப் படுத்துவிடும். எனவே நாளொன்றுக்கு ஒரு கிலோவில் தொடங்கி, மூன்று நாளுக்கொரு முறை அரைக் கிலோ கூட்டி, சாணத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சாணம் குவிந்து விழுந்தால் மேலே போகலாம். சாம்பல் நிறத்தில் நுரையோடு தளர்ந்தால் முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும். தீனி நேரம் நாள்தோறும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவேளை தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்துக் கொட்டக்கூடாது. தானியக் களஞ்சியத்தின் கதவைப் பூட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

450 கிலோ உள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு 8 அல்லது 9 கிலோ தானியமும், 1.5 முதல் 2 கிலோ உலர்புல்லும் என்பது நல்ல அளவு. சோளத்தை முழுதாகவே கொடுக்கலாம். அதோடு புரதமும் தாதுவும் சேர்ந்த குருணைத் தீவனத்தைக் கலந்து, மொத்தப் புரதம் 12 முதல் 13 விழுக்காடாக இருக்கும்படி செய்ய வேண்டும். உலர்புல்லை ஒருபோதும் முற்றாக நிறுத்தக்கூடாது. அசைபோடுதல் குறைந்தால் உமிழ்நீர் குறைந்து வயிறு உப்பும். இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் முரசுபோல் எழும்பி நின்றால் அது உப்புசம், உடனடி அவசரம்.

சோளத்தில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால் காயடித்த காளைகளின் ஒடுங்கிய சிறுநீர்க் குழாயில் கல் அடைத்துக்கொள்வதுண்டு. வாலை உயர்த்தி ஆட்டிக்கொண்டு, முக்கி, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால், அல்லது வயிற்றை உதைத்துக்கொண்டால், மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. கால்சியமும் பாஸ்பரசும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்குமாறு சுண்ணாம்புத் தூளும், நீர் நிறையக் குடிக்கும்படி உப்பும் சேர்ப்பது தடுப்பு முறை. தீவனத்தில் மோனென்சின் என்னும் மருந்து கலந்திருந்தால் அதைக் குதிரையின் அருகில் வைக்கவே கூடாது. மாட்டுக்கு நன்மை தரும் அளவே குதிரைக்கு நஞ்சாகலாம்.

இவ்வாறு வளர்த்தால் நாளொன்றுக்கு 1.2 கிலோ வரை எடை ஏறும். ஒரு கிலோ எடைக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், ஆறரை முதல் ஏழு கிலோ தீனி செல்லும். 200 கிலோவிலிருந்து 640 கிலோ வரை கொண்டு செல்ல ஏறத்தாழ மூன்று டன். கன்றின் விலையை மட்டும் பார்த்து வீட்டு இறைச்சி மலிவு என்று கணக்கிடுபவர்கள் இந்த மூன்று டன்னையே மறந்துவிடுகிறார்கள்.

தயாரா என்று அறிதல்

எடை மேடை இல்லாதவர்கள் நாடாவால் அளக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 200, நீளம் 165 என்றால் ஏறத்தாழ 609 கிலோ.

எடையோடு கையும் சொல்ல வேண்டும். வாலடியின் இரு பக்கமும் மெத்தென்ற கொழுப்புத் திரட்சி கைக்குத் தெரிந்தால், மார்பின் முன்பகுதி நிறைந்து தளர்ந்து அசைந்தால், கடைசி விலாக்களை அழுத்தித் தேடித்தான் உணர முடிந்தால், மாடு தயார். ஹோல்ஸ்டைனுக்கு முதுகின் மேல் கொழுப்பு ஆங்கஸ் அளவுக்கு ஒருபோதும் ஏறாது; அதற்காகக் காத்திருப்பது வீண், தசைக்குள் கொழுப்பு அதற்கு முன்பே வந்திருக்கும். கடைசி மாதங்களில் எந்த மருந்து கொடுத்தாலும் இறைச்சிக்கான காத்திருப்பு நாட்களைச் சீட்டில் பார்த்து நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

இறைச்சிக்கூடமும் எடைக் கணக்கும்

வீட்டுக்கென்றே அறுக்கும் மாட்டைச் சோதனை அதிகாரி இல்லாத கூடத்திலும் அறுக்கலாம். பொட்டலங்களில் விற்பனைக்கு அல்ல என்ற முத்திரை இருக்கும். அந்த இறைச்சியை உரிமையாளரும் வீட்டாரும் விருந்தினரும் உண்ணலாம், விற்க முடியாது. நண்பருக்குப் பங்கு கொடுப்பதானால், அறுப்பதற்கு முன்பே உயிருள்ள மாட்டில் அவருக்குக் கால் பங்கோ அரைப் பங்கோ விற்றிருக்க வேண்டும். பொட்டலமாக விற்க விரும்பினால் மாநில அல்லது கூட்டரசின் சோதனை உள்ள கூடத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். ஹலால் முறையில் அறுக்க விரும்புவோர் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சமய முறை அறுப்பைச் சட்டம் ஏற்கிறது, ஆனால் எல்லாக் கூடங்களிலும் வசதி இராது.

அறுப்பதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்தி நீரை மட்டும் வைக்க வேண்டும். துரத்தி, அடித்து, வண்டியில் ஏற்றிய மாட்டின் தசையில் சர்க்கரை தீர்ந்துபோய், இறைச்சி கறுத்து, பிசுபிசுப்பாகிவிடும். முந்தைய வாரத்திலேயே வண்டியைக் கொட்டகையோடு ஒட்டி நிறுத்தி, அதற்குள் தீனி வைத்துப் பழக்குவது நல்ல முறை.

640 கிலோ மாடு கொடுத்தேன், 240 கிலோதான் வந்தது என்று கூடக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கணக்கு இதுதான்: தலை, தோல், குடல், கால் நீங்கித் தொங்கும் உடல், ஹோல்ஸ்டைனில் உயிர் எடையில் 57 முதல் 60 விழுக்காடு. இறைச்சி இனங்களில் இது 62, 63 வரை போகும். அதாவது ஏறத்தாழ 370 கிலோ. குளிரறையில் பத்து முதல் பதினான்கு நாள் தொங்கும்போது ஈரம் குறையும். பிறகு எலும்பும் கொழுப்பும் நீக்கினால் 230 முதல் 250 கிலோ மிஞ்சும். கூலி தொங்கும் எடைக்கே கணக்கிடப்படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

வெட்டும் முறைக்கான படிவத்தில் அமெரிக்கச் சமையலுக்கு ஏற்ற துண்டுகளே அச்சிடப்பட்டிருக்கும். குழம்புக்கு எலும்போடு சிறு துண்டுகளும், சுக்காவுக்குத் தோள் கறியும், சூப்புக்கு நல்லி எலும்பும் வேண்டுமென்றால், துண்டின் அளவைக் குறிப்பிட்டுத் தனியாக எழுத வேண்டும். ஈரல், நாக்கு, வால், இதயம் ஆகியவற்றைக் கேட்காவிட்டால் பல கூடங்கள் கழித்துவிடும். குடலைச் சுத்தம் செய்து தருவார்களா என்பதை முன்பே விசாரிக்க வேண்டும். இந்த இனத்தில் முதுகெலும்பை ஒட்டிய ‘கண் தசை’ (ரிப்-ஐ) சிறியது, வடிவம் நீண்டது. ஆகவே வறுவல் துண்டுகளை மிகுதியாக எதிர்பார்க்காமல், கொத்துக்கறியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரும் என்று திட்டமிடலாம்.

உறைபெட்டியின் ஒவ்வொரு கன அடியும் 15 முதல் 18 கிலோவைக் கொள்ளும். முழு மாட்டுக்கு 16 கன அடிக்குக் குறையாத பெட்டி வேண்டும். கூடத்திலிருந்து இறைச்சி வருவதற்கு முதல் நாளே அதை ஓடவிட்டு மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டும். கொத்துக்கறியை நான்கு மாதத்துக்குள்ளும் பெரிய துண்டுகளை ஓராண்டுக்குள்ளும் தீர்ப்பது நல்லது என்பதால், அடுக்கும்போது கொத்துக்கறிப் பொட்டலங்களை மேலே வைக்க வேண்டும்.